ஜூனில் தொடங்கியது, காலாண்டுக்குள் காணாமல் போனது

கேள்வி:

ஐயா, வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இது எனக்கு இரண்டாவது ஆண்டு. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள், 186 பிள்ளைகள், என்னையும் சேர்த்து ஒன்பது ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆய்வுகளில் பலன் தந்த முறைகள் என்று அங்கே சொன்னவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு ஜூன் மாதமே தொடங்கினேன். ஆறு, ஏழாம் வகுப்புகளில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நிலைவாரியாகக் குழு பிரித்து வாசிப்புப் பயிற்சி. ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் முந்தைய பாடங்களிலிருந்து ஐந்து நினைவுகூரல் வினாக்கள். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்வையிடுதல். கட்டுரை நோட்டில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் குறிப்பு எழுதுதல். நான்குக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்தேன். ஜூலையில் நன்றாகவே போனது. காலாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தால் பதிவேடுகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆறாம் வகுப்பில் 29 பேரில் 9 பேரும், ஏழாம் வகுப்பில் 34 பேரில் 11 பேரும் இன்னமும் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியாமல் இருக்கிறார்கள். இடைநிலை ஆசிரியராகத் தொடங்கிப் பதவி உயர்வில் வந்த எங்கள் கணக்கு ஆசிரியை, "இருபத்தெட்டு வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன் மேடம், அடுத்த வருடம் வேறொன்று வரும்" என்றார். மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு சுற்றறிக்கை ஒன்று போட்டு நான்கையும் கண்டிப்புடன் மறுபடி தொடங்கலாமா? தவறு முறைகளிலா, ஆசிரியர்களிடமா, என்னிடமா?

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியர் அம்மா,

சுற்றறிக்கை வேண்டாம். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஐந்தாவதாக ஒரு பதிவேடு சேரும்.

தவறு யாரிடம் என்ற கடைசிக் கேள்வியை ஒரு சின்னக் கணக்கிலிருந்து பார்ப்போம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகையைப் பார்த்து, ஐந்து வினாக்களைச் சொல்லி, பிள்ளைகள் எழுதி, விடையைச் சரிபார்த்து, பதிவேட்டில் குறித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். மீதி இருபத்தெட்டில் அதே பாடத்தை அதே வேகத்தில் முடிக்க வேண்டும். காலாண்டுக்கு இன்ன இயல் வரை என்று மேலிருந்து வந்த அட்டவணையில் ஒரு வரியும் குறையவில்லை. இந்த நிலையில் விவரம் தெரிந்த எந்த ஆசிரியரும் செய்வதைத்தான் உங்கள் ஆசிரியர்களும் செய்தார்கள்: வேலையை விட்டுவிட்டு, பதிவேட்டை எழுதினார்கள். நீங்கள் நான்கைச் சேர்த்தீர்கள், ஒன்றையும் எடுக்கவில்லை. தவறு என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதைச் சொல்வேன்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 'ஷாலா சித்தி' என்றொரு திட்டம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியையும் விரிவாக மதிப்பிடுவது, தரம் கொடுப்பது, அந்தப் பள்ளிக்கென்று தனியாக மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது என்று உலகில் நல்லவை எனப்படும் அத்தனையும் அதில் இருந்தன. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் 1,774 பள்ளிகளில் இதை முறையாக ஆய்வு செய்தார்கள். மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் நடந்து முடிந்திருந்தன. கொடுத்த தரங்களும் உண்மை நிலையைக் காட்டின. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் கற்றலிலோ ஒரு மாற்றமும் இல்லை. கள அலுவலர்களிடம் விசாரித்தபோது தெரிய வந்தது, எழுத்து வேலைதான் கூடியிருக்கிறது என்பது. அதற்குள் திட்டம் வெற்றி என்று பெயரெடுத்து, நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. படிவம் நிரம்பியதையே மாற்றம் நடந்ததாக எடுத்துக்கொண்டதன் விலை அது.

நானும் இதில் குற்றவாளிதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். கற்றல் அட்டைகள், ஏணிப்படி அட்டவணை, பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்நிலைக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பதுதான் முறையின் உயிர். பார்வைக்குப் போகும்போது என் கையில் இருந்த படிவமோ பந்தல் கட்டியாயிற்றா, அட்டைகள் இருக்கின்றனவா, கரும்பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்தாயிற்றா என்று கேட்டது. ஒரு பள்ளியில் அட்டைகள் கிழிந்துவிடக் கூடாதே என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். 'அட்டைகள் முழுமையாகப் பராமரிக்கப்படுகின்றன' என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன்.

ஆகவே அடுத்த கேள்வி, நீங்கள் எடுத்த நான்கில் எதை வைத்துக்கொள்வது என்பது. ஒன்றை மட்டும். வாசிப்பை.

பத்தியை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அறிவியலில் நினைவுகூரல் வினா கேட்டு என்ன பயன்? நினைவில் கொள்வதற்கு அவன் எதையும் வாசித்திருக்கவே மாட்டான். உங்கள் கடிதத்தில் எண்ணிக்கையோடு எழுதியிருப்பதும் இந்த ஒன்றைத்தான். மற்ற மூன்றையும் பற்றி 'தொடங்கினேன்' என்கிறீர்கள். இதற்கு மட்டும் 29இல் 9, 34இல் 11 என்கிறீர்கள். மனம் எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

நிலைவாரிக் கற்பித்தலின் வரலாறு, முறையைவிட அதைப் பள்ளிக்குள் கொண்டுவருவதைப் பற்றித்தான் நமக்கு அதிகம் சொல்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. 2000களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் நடந்த, பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம்பெண்கள் தனியே சொல்லிக்கொடுத்த பால்சகி திட்டத்தின் ஆய்விலிருந்தே நல்ல பலன் காட்டியது. பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆனால் முறை பலிக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை அரசுப் பள்ளிக்குள் கொண்டுபோவதற்குப் பத்தாண்டு தடுமாறினார்கள். பீகாரில் 2008 கோடையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களையே வைத்து முகாம் நடத்தினார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி திறந்த பிறகு அந்த மாநிலத்தில் பாடப்பொருள்களை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பொருள்களோடு பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி நேரத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்த இடங்களில்தான் பலன் வந்தது. ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்று இதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கோடையில் அதே அரசு ஆசிரியர்களால் முடிந்தது. வேறுபாடு, ஜூன் மாதத்தில் பாடப் புத்தகத்தை முடித்தாக வேண்டும் என்று யாரும் அவர்களைத் துரத்தவில்லை என்பதுதான்.

உத்தராகண்டில் இன்னொரு பாடம். அங்கே தன்னார்வலர்களைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பள்ளியின் அன்றாட வேலை அவர்களை விழுங்கிவிட்டது, பலன் ஒன்றும் தெரியவில்லை. பி.எட். பயிற்சி மாணவர்கள் வந்தால் அவர்களிடம் இந்த வாசிப்பு வேலையை ஒப்படைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஒப்படைக்காதீர்கள். இரண்டாவது வாரமே, யாரோ விடுப்பில் போன வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களை அனுப்புவீர்கள். நானாக இருந்தாலும் அனுப்புவேன்.

பிறகு 2012-13இல் ஹரியானாவில்தான் வழி கிடைத்தது. பள்ளி நேரத்துக்குள் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரம் பாடப் புத்தகத்துக்கு இடமில்லை. பிள்ளைகள் எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து உட்கார வைத்தார்கள். மேற்பார்வையிட வேண்டிய வட்டார அலுவலர்கள், பயிற்சி முடிந்ததும் முதலில் தாங்களே இரண்டு மூன்று வாரம் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்லப் போனார்கள். இந்தி வாசிப்பில் தெளிவான முன்னேற்றம் வந்தது, வழக்கமான அரசு ஆசிரியர்களைக் கொண்டே. அதே ஆய்வில், அதே ஹரியானாவில், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையையும் சோதித்துப் பார்த்தார்கள். நம் மாநிலத்திலும் 2012-13இல் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று வந்ததே, அதன் உடன்பிறப்பு. அதனால் கற்றலில் மாற்றம் எதுவும் இல்லை.

இனி உங்கள் பள்ளிக்கு வருவோம். நான் சொல்லப்போவது நாற்பது நாள் வேலை. ஜனவரியின் முதல் பாதி அரையாண்டு விடைத்தாளிலும் பொங்கலிலும் போய்விடும், அதைத் தொடாதீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கணக்கிட்டால் முப்பத்தைந்து, நாற்பது வேலை நாள் கிடைக்கும். அது போதுமா என்று நினைப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் இதே முறையை முகாம்களாக நடத்தியபோது மொத்தமே 50 நாள்தான். வாசிப்பில் மிகப் பெரிய முன்னேற்றம் அங்கேதான் வந்தது. அந்த முகாம்களை பிரதம் ஊழியர்களே முன்னின்று நடத்தினார்கள், பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். ஆகவே உங்களுக்கு அதே அளவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாள் குறைவு என்பது மட்டும் தடையல்ல என்பதற்காகச் சொன்னேன்.

ஆள் இருக்கிறதா? ஒன்பது பேர், ஐந்து வகுப்பு. எந்தப் பாடவேளையிலும் ஐந்து பேர் வகுப்பில் இருப்பார்கள், நீங்கள் போக மூன்று பேருக்கு ஓய்வு. ஆறையும் ஏழையும் ஒரே பாடவேளையில் வைத்தால் அந்த இரண்டு வகுப்பின் ஆசிரியர்கள், ஓய்விலிருக்கும் ஒருவர், நீங்கள் என நான்கு பேர். 63 பிள்ளைகளுக்கு நான்கு குழு. மீதி இரண்டு பேர், யாராவது தற்செயல் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்குப் போக. நீங்கள் நாலாவது ஆளாகக் கணக்கில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாமல் இது நடக்காது.

முதல் பாடவேளை வேண்டாம். டவுன் பஸ் தாமதமானால் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு வேறு. கடைசிப் பாடவேளையும் வேண்டாம், அது எந்தப் பள்ளியிலும் பாதி நாள் நடக்காது. இரண்டாவது பாடவேளை சரியாக இருக்கும். வாரம் ஐந்து பாடவேளை எங்கிருந்து வரும்? தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒன்று எடுங்கள். எல்லோருக்கும் ஒன்று போகும். முணுமுணுப்பு வரும், ஆனால் சமமாக வரும். விளையாட்டுப் பாடவேளையில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லாத் தலைமையாசிரியர்களின் கையும் முதலில் அங்கேதான் போகும். வாசிக்கத் தெரியாத பிள்ளை பள்ளிக்கு வருவதே அந்த ஒரு பாடவேளைக்காகத்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

பாடவேளையை எடுத்தால் பாடமும் குறைய வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை. எந்த இயலைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம் என்று அந்தந்த ஆசிரியரே முடிவு செய்யட்டும், அந்த முடிவுக்கு நீங்கள் பொறுப்பு என்று ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆண்டாய்வில் யாராவது கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்வீர்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பத்துப் பயிற்சிக்குச் சமம்.

பிள்ளைகளைப் பிரிக்க எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான். நான்கு பேர் சேர்ந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும். இதில் எதிர்பாராதது நிறையக் கிடைக்கும். அ முதல் ஃ வரை வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு, நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் தெரியாது. சொற்களை வேகமாக வாசிக்கும் பிள்ளை ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும் தடுக்கி விழுவான். 'கொடி'யும் 'கோடி'யும் அவனுக்கு ஒன்று. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மூவரையும் நாம் 'மெல்லக் கற்போர்' என்று ஒரே பட்டியலில் எழுதி வைத்திருப்போம். மூவருக்கும் தேவை வேறு வேறு. உங்கள் ஜூன் மாதக் குழுக்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று நீங்கள் எழுதவில்லை. சென்ற ஆண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிரித்திருந்தால், அங்கேயே முறை பாதி செத்துவிட்டது.

இதில் மாற்றக் கூடாதவை நான்கே: தினமும் அதே நேரம், வாசிக்கச் சொல்லிப் பார்த்து நிலை அறிதல், வகுப்பை மறந்து நிலையின்படி குழு, பத்து நாளுக்கு ஒரு முறை மறுபடி வாசிக்கச் சொல்லி, ஏறிய பிள்ளையை உடனே அடுத்த குழுவுக்கு அனுப்புதல். கடைசியானது தவறினால், குழு என்பது 'மக்குப் பிள்ளைகள் உட்காரும் இடம்' என்று ஒரே மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் ஆசிரியர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பாட்டா, கதையா, எழுத்தட்டையா, வேப்பமரத்தடியா, வராண்டாவா, அவரவர் பாடு. இங்கிலாந்தில் கல்வி ஆய்வுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்கும் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, மாற்றங்களை நடைமுறைப்படுத்துவதற்கென்றே பள்ளிகளுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. குறைவாக எடுத்துக்கொண்டு விடாமல் செய்யுங்கள் என்பதும், எதை இறுகப் பிடிப்பது எதைத் தளர விடுவது என்று முன்கூட்டியே தெளிவாக இருங்கள் என்பதும் அதன் சாரத்தில் உண்டு. அங்கேயும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பதிவேடு? ஒரு தாள் போதும். 63 பெயர், நான்கு நிலை, பத்து நாளுக்கு ஒரு கட்டம். அதை நீங்களே எழுதுங்கள். பழைய நான்கு பதிவேடுகளையும் ஆசிரியர்கள் கண்ணெதிரே பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். அட்டைகளைப் பூட்டியது தவறு, இவற்றைப் பூட்டுவது தவறில்லை.

நினைவுகூரல் வினாக்களை இப்போதைக்கு எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டாம். ஆனால் அந்த முறை மோசமானது என்று நினைத்துவிடாதீர்கள், ஆய்வு வலுவாகவே இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. முதல் எண்களை மறுபடி பாருங்கள். நல்ல முறை அன்றைக்கு மோசமாகத் தெரிகிறது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், முதல் வாரத்தில் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்து எந்த ஆசிரியரும் கைவிடத்தான் செய்வார். உங்கள் பயிற்சியில் இதைச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

இதற்கு இன்னோர் ஆபத்து, நம் ஊருக்கே உரியது. ஐந்து வினா என்றதும் அது ஸ்லிப் டெஸ்ட் ஆகிவிடும். மதிப்பெண், சிவப்பு மை, குறைந்தவர் எழுந்து நிற்பது. பதிவேடு வைத்தீர்கள் என்பதால் உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். முறையின் உயிர், பயமில்லாமல் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துப் பார்ப்பதிலும், பிறகு தானே திறந்து சரிபார்ப்பதிலும் இருக்கிறது. மதிப்பெண் வந்த நிமிடம் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்க்கத் தொடங்குவான். உங்கள் ஆசிரியர்களில் யாராவது ஒருவருக்கு இதில் விருப்பம் இருக்கும். அவர் ஒருவர் மட்டும், பாடவேளைக்குப் பாடவேளை அல்லாமல் வாரம் இரண்டு முறை, மூன்று வினாக்களோடு, மதிப்பெண் இல்லாமல் செய்யட்டும். ஜூன் மாதம் அவர் வாயாலேயே மற்றவர்கள் கேட்கட்டும்.

மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்தால் நம் பள்ளிகளில் அதற்கு ஒரே பெயர் ஆய்வுதான். அந்தப் பயம் போக உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு அங்கே இருக்க வேண்டும். கட்டுரை நோட்டு விஷயத்தில், 186 நோட்டிலும் குறிப்பு எழுதும் தமிழாசிரியரிடம் ஒருநாள் உட்கார்ந்து அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள், நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

இப்போது கணக்கு ஆசிரியை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். தொடக்கப் பள்ளியில் இருந்தபோது செயல்வழிக் கற்றலைப் பார்த்திருப்பார். நடுநிலைக்கு வந்தபோது படைப்பாற்றல் கல்வி வந்தது. எந்தப் பாடமாக இருந்தாலும் மனவரைபடம் வரைந்தாக வேண்டும் என்று வகுப்பே வட்டமும் கோடுமாக இருந்த காலம் அது. பிறகு வளரறி மதிப்பீடு. 2022இல் எண்ணும் எழுத்தும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்ததையும் கேள்விப்பட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் முதல் ஆண்டு நம்பி உழைத்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். அடுத்த வருடம் வேறொன்று வரும் என்பது அவர் சோம்பலில் சொன்னதல்ல, அனுபவத்தில் சொன்னது. அவரைச் சம்மதிக்க வைக்க முயலாதீர்கள். ஒருநாள் மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் பார்த்ததில் எது நன்றாக இருந்தது, அது எப்படி நின்றுபோனது?" என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளாதீர்கள், கேளுங்கள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால்தான் இப்படிக் கேட்கத் தொடங்கினேன். ஓர் ஆசிரியை சொன்னார்: "ஏணிப்படி நன்றாகத்தான் இருந்தது சார். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பந்தல் ஏன் தொங்கவில்லை என்றுதான் கேட்டார்கள்." கேட்டவர்களில் நானும் இருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

உங்கள் ஆசிரியையிடம் கேட்டுவிட்டு, நாலு குழுவில் எழுத்து நிலைக் குழுவை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். தொடக்கப் பள்ளியில் எழுத்து சொல்லிக்கொடுத்த கை உங்கள் பள்ளியில் அவருடையதாகத்தான் இருக்கும். பட்டதாரி ஆசிரியர்கள் பலருக்கும் உயிர்மெய் வரிசையை எங்கே தொடங்குவது என்பதே தெரியாது. அதைச் சொல்லித்தர அவரைவிட்டால் அங்கே ஆள் இல்லை. இதைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல் தனியே சொல்லுங்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அவர் இன்னும் இறுகிவிடுவார் என்று தோன்றுகிறது.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது நோட்டைப் புரட்டாதீர்கள். தரையில் பாயில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாரம் யார் ஏறினார்கள்? யாரும் ஏறவில்லை என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு முறை சுளித்தால் போதும், அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் ஏறிவிடுவார்கள், தாளில்.

மே, ஜூனில் இடமாறுதல் கலந்தாய்வு வரும். நாலு பேரில் ஒருவராவது மாறிப் போகலாம், நீங்களே போகலாம். ஆகவே மார்ச் மாதம், இந்தப் பள்ளியில் இது எப்படி நடந்தது, எந்த நேரம், எந்தப் பொருள், எங்கே சறுக்கினோம் என்பதை அந்த ஆசிரியர்களே ஒரே பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பயிற்சிக் கையேட்டின் மொழியில் வேண்டாம், புதிதாக வருபவர் படித்தால் புரிகிற மொழியில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரை, அவர்கள் விரும்பினால் மட்டும், பெற்றோர் முன் ஒரு கதையை வாசிக்கச் சொல்லுங்கள். ஜூனில் யார் தலைமையாசிரியராக வந்தாலும் அந்தப் பெற்றோர்கள் கேட்பார்கள், வாசிப்பு நேரம் எப்போது தொடங்கும் என்று.

மேலதிகாரிகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது மனதில் இருக்கும். தலைமையாசிரியர் கூட்டத்தில், நான்கு தொடங்கினேன், மூன்றை நிறுத்திவிட்டேன், ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அறை கொஞ்சம் அமைதியாகும். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேராவது பக்கத்தில் வந்து, நீங்கள் எதை நிறுத்தினீர்கள் என்று மெல்லக் கேட்பார்கள்.

பொங்கலுக்குப் பிறகு முதல் வாரத்தில் 63 பேரும் எந்த நிலையில் இருந்தார்கள், மார்ச்சில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், நான்கு எண்கள் போதும். கூடவே, நாற்பது நாளில் எத்தனை நாள் அந்தப் பாடவேளை உண்மையில் நடந்தது என்பதையும் எழுதுங்கள். இருபத்தைந்து நாள் நடந்திருந்தால், ஜூன் மாதத்துக்கான கால அட்டவணையை இருவரும் சேர்ந்து போடலாம்.